கோட்டைக்குள் ஒரு கடல் தொட்டி

ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. வயது ஐம்பத்து நான்குதான். அரசாங்க வேலையாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் மேசையில் தலைசாய்த்துத் தூங்க எனக்கு உரிமை இருந்திருக்கும். என்னை ஓய்வுக்கு அனுப்பியது என் முதுகு. திருவனந்தபுரத்தில் அடுத்தவர் வீட்டு மீன் தொட்டிகளுக்கு முன்னால் குனிந்தே பிழைத்த முதுகு, போன மழைக்காலத்தில் ஒருநாள் குனிந்தபடியே நின்றுவிட்டது. அந்த வீட்டுக் குழந்தை நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி, "எந்தா ஜோலி?" என்று கேட்டார். "மீன்களுக்கு வீட்டு வேலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் குனியக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படி மல்லாந்து கிடந்தவனைத்தான் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் பிடித்து இழுத்தார்கள். இப்போது எல்லாம் மாறிவிட்டது. அலை எழுப்பும் மோட்டாரைப் பேருந்தில் போய்க்கொண்டே கைபேசியில் கூட்டிக் குறைக்கலாம். தானாகத் தீனி போடும் பெட்டி எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு கொட்டும். ஆனாலும் தொட்டியில் கசடு மட்டும் குறையவில்லையாம். "அண்ணே, உங்க காலத்துல இதை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். என் காலம் போன மழையோடுதான் முடிந்தது. அதைப் பாண்டியர் காலம் மாதிரி கேட்கிறார்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அது குழுவில் போடுகிற நீளத்தில் நிற்கவில்லை. கசடு என்று யாராவது சொன்னால் எனக்குத் திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதிக்குள் இருந்த ஒரே ஒரு வீடுதான் நினைவுக்கு வருகிறது.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கடல் தொட்டி என்பது வரவேற்பறையில் வைத்துக்கொள்கிற ஒரு துண்டுக் கடல். உப்புநீர், பாறை, மணல், மென்பவளம், பூ மாதிரி விரிகிற, ஆனால் உயிர்ப்பிராணியான கடல் சாமந்தி, இரண்டு மூன்று மீன்கள். நிஜக் கடலில் மீன் கழித்ததை அலை கொண்டுபோய்விடும். இரண்டடித் தொட்டியில் அது எங்கே போகும்? கழிவு, தின்னாமல் விட்ட தீனி, செத்த பாசி எல்லாம் நைந்து, தவிட்டு நிறத்தில் பாறை இடுக்கிலும் மணலுக்குள்ளும் படியும். அதுதான் கசடு. கொஞ்சம் இருந்தால் நல்லது. நத்தையும் புழுவும் அதில்தான் பிழைக்கின்றன. கூடிப்போனால் அழுகும், நீர் விஷமாகும். மேலே நீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். சில குடும்பங்களைப் போல, கிளறினால்தான் தெரியும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஓட்டல் வேலைக்காக இங்கே வந்தவன் நான். மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டலில் இருந்த மீன் தொட்டியைத் துடைக்க பாஸ்கரன் சார் வருவார். ஒருநாள் அவர் கூட்டிவரும் ஆள் வரவில்லை. நான் வாளி பிடித்தேன். அப்படியே அவரோடு போய்விட்டேன். துடைப்பதில் முன் அனுபவம் உள்ளவன் என்பதுதான் என் தகுதி. குழாயில் வாய்வைத்து உறிஞ்சி நீரை இறக்கப் பழகிய நாட்களில் நான் குடித்த கடல்நீருக்குச் சங்குமுகத்துக் கடலே கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பயிற்சிக் காலம் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

சொல்ல வேண்டியது பாஸ்கரன் சாரைப் பற்றி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் நிற்பார். பேச மாட்டார். வீட்டுக்காரர் கொண்டுவந்த சாயா ஆடை கட்டி ஆறிப்போகும், அதுவரை நிற்பார். மீன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, நத்தை எங்கே ஏறியிருக்கிறது, சாமந்தி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று கண்ணாலேயே ஒரு சுற்று வருவார். பிறகு வெறும் தண்ணீரில் முழங்கைவரை கழுவுவார். சோப்பைக் கண்டால் மட்டும் அவருக்குப் பயம். ஒரு சொட்டு சோப்பு ஒரு கடலைக் கொல்லும் என்பார்.

வேலை இப்படி நடக்கும். முதலில் மோட்டார்களை நிறுத்த வேண்டும். நீர் அசையாமல் நின்றதும், பெரிய ரப்பர் பீச்சுக்குழலால் பாறை இடுக்குகளில் ஒவ்வொன்றாக நீரைப் பீய்ச்ச வேண்டும். கசடு புகை மாதிரி எழும். அது மறுபடி படிவதற்குள் சைபன் குழாயை நீட்டி உறிஞ்சி வாளியில் இறக்க வேண்டும். அப்புறம் மணல். அங்கேதான் சாரின் சட்டம். மணலை மனதுக்குள் நான்கு பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வந்தால் ஒரு பங்குதான். மீதி மூன்றும் எவ்வளவு அசிங்கமாகக் கண்ணை உறுத்தினாலும் கை வைக்கக் கூடாது.

"முழுசும் ஒருநாள்ல எடுத்தா, அடியில உறங்கறதெல்லாம் எழுந்து வரும். பின்னே மீன் உறங்கும்" என்பார்.

இந்தச் சட்டம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு, கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டம் பகுதி சாட்சி. அங்கே ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் எங்கள் தொட்டி ஒன்று இருந்தது. தனியாக வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த புதிது. மணல் ஒரு மூலையில் கன்னங்கரேலென்று இருந்தது. சார் சொன்ன பங்கையெல்லாம் மறந்து குழாயை ஆழமாகச் சொருகினேன். குபுகுபுவென்று குமிழி வந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். நான் பிறவிப் பதற்றக்காரன்; பால் பொங்கினாலே தீயணைப்பு வண்டியை நினைப்பவன். "கேஸ்! கேஸ் லீக்!" என்று கத்திவிட்டேன். காவலாளி மணியை அடித்துவிட்டார். மாடி மாடியாக ஆட்கள் கழுத்து அட்டை ஆட இறங்கி வெயிலில் நின்றார்கள். சைபன் குழாயை மாலையாகப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் வெளியே ஓடி வந்திருந்தவன் நான்.

பாஸ்கரன் சார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார், பார்த்தார், முகர்ந்தார்.

"எடா முருகேசா, இது மண்ணோட ஏப்பம். காத்து போகாத இடத்துல கசடு அழுகினா இப்படித்தான் வரும். நீ அதோட வயித்துல குத்தினே, அது ஏப்பம் விட்டது. மரியாதைக்காரனானா நீ மாப்பு கேட்கணும், ஓடப்படாது."

அவ்வளவுதான் திட்டு. திரும்பி வரும் வழியில் மட்டும், சிக்னலில் வண்டி நின்றபோது ஒருமுறை, "கேஸ் லீக்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குலுங்கினார்.

கோட்டைக்குள், கோயில் மதிலை ஒட்டிய தெருவில் லலிதா மாமியின் வீடு. அவருடைய கணவர் வெங்கட்ராமன் சார், அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அப்பா பொழுது போகாமல் தவிக்கிறார் என்று பெங்களூரில் இருக்கும் மகன் தொட்டிக்கு ஏற்பாடு செய்தான். நானும் பாஸ்கரன் சாருமாகப் போய் அமைத்தோம். ஒரு கடல் சாமந்தி, ஒரு இறால், நத்தைகள், ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடிக் கோமாளி மீன். உள்ளே இரண்டு கோமாளிகள், வெளியே நான் ஒருவன்.

அந்த வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த மீன்களுக்கு உறைய வைத்த சின்ன இறால்தான் உகந்த தீனி. அதை அந்த வீட்டுக் குளிர்பெட்டியில், மாமியின் தயிருக்குப் பக்கத்தில் வைப்பதைப் பற்றிப் பேசவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே உலர்ந்த குருணைத் தீனி ஒரு டப்பாவில் வந்தது. மாமி மூடியை முகர்ந்து பார்த்து, "இதுல என்னவாக்கும் சேர்த்திருக்கு?" என்று கேட்டார். "கடல் பாசி, கோதுமை, வைட்டமின்" என்று ஆரம்பித்து, மீதியை இருமலில் கரைத்துவிட்டேன். சமையலறைக்குள் அதற்கு இடம் கிடையாது என்று மாமி சொல்லிவிட்டார். டப்பா தொட்டியின் பக்கத்திலேயே, வெங்கட்ராமன் சாரின் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

வெங்கட்ராமன் சாருக்கு ஒரு வழக்கம். காக்கைக்குச் சாதம் வைக்காமல் அவர் இலையில் உட்கார்ந்ததில்லை. தொட்டி வந்த பிறகு காக்கையோடு மீனும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்த்து, விபூதி எடுப்பது போல ஒரு சிட்டிகை எடுப்பார். நீரின் மேல் கோடு இழுத்த மாதிரி தூவுவார். இரண்டு மீனும் அவருடைய நிழலைக் கண்டதுமே மேலே வந்து காத்திருக்கும்.

"வாயில்லா ஜீவன் பாத்துண்டிருக்கு முருகேசன். அதுக்குப் போடாம நாம எப்படி வாயில வைக்கறது?" என்பார். பிறகு விரலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பிடப் போவார்.

வாரம் ஒருமுறை நான் போவேன். தரையெல்லாம் ஈரமாகும், சார் வழுக்கி விழுந்துவிடுவாரே என்று, வேலை நடக்கும்போது அவரை உள்ளறையில் உட்காரச் சொல்வேன். மறுபேச்சு பேசாமல் செய்தித்தாளோடு போய்விடுவார். அதனால் அவர் தீனி போடுவதை நான் நேரில் பார்ப்பது நின்றுபோயிருந்தது.

இரண்டு மூன்று வருஷம் தொட்டி அழகாக நடந்தது. பிறகு கசடு வர ஆரம்பித்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை. ஒரு பங்கு மணலைச் சுத்தம் செய்துவிட்டுப் போவேன். அடுத்த வாரம் அதே இடம் தவிட்டுப் பாயாக மூடியிருக்கும். பாறையில் பீய்ச்சினால் தொட்டியே சாம்பல் நிறமாகும். எனக்கு வழக்கம்போல் கைகால் ஓடவில்லை. ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். முதலில் நத்தைகள், வேலை செய்யாமல் தூங்குகின்றன என்று எண்ணிக்கையைக் கூட்டினேன். பிறகு மோட்டார், வேகத்தைக் கூட்டினேன், மணல்புயல் கிளம்பி ஒரு கோமாளி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மாமியின் சாம்பிராணிப் புகை.

"நாப்பது வருஷமா சாம்பிராணி போட்டுண்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, ஒங்க நத்தைக்கு ஆயிடுத்தாக்கும்!" என்றார் மாமி.

இதற்கு நடுவே, "முருகேசன், மீன் டப்பா தீந்துடுத்து. வரச்சே ஒண்ணு கொண்டுவந்துடுங்கோ" என்பதும் நடந்துகொண்டிருந்தது. முன்பு மாதக்கணக்கில் வந்த டப்பா, இப்போது நான் அடிக்கடி பையில் போட்டுக்கொண்டு போகிற சாமானாகிவிட்டது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், என் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்த அந்த டப்பாவை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒரு காலையில் மாமி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"மீன் ரெண்டும் மேல வந்து வாயைத் தெறந்துண்டு நிக்கறது. ஜலம் பால் மாதிரி ஆயிடுத்து. அவர் பாத்துண்டே அழறார் முருகேசன். சீக்கிரம் வாங்கோ."

போனேன். இறால் செத்து வெளுத்துக் கிடந்தது. சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரி இருந்தது. மாமி என்னைக் கூடத்து ஓரமாகக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போறது? அவருக்கு மறதி ஜாஸ்தியாயிடுத்து. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு நாள் முழுக்க வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறார். இந்தத் தொட்டி முன்னால மட்டும்தான் சித்தெ உக்கார்றார். இதுவும் போச்சுன்னா, அவர் எங்க உக்காருவார்?"

எனக்கு முழு மணலையும் அள்ளிவிடலாம், முழு நீரையும் மாற்றிவிடலாம், பாறையையெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசிவிடலாம் என்று ஒரே நேரத்தில் தோன்றியது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் குழாய், காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி. பாஸ்கரன் சார் எடுத்தார்.

"நீ இப்ப என்ன செய்யற?"

"சார், எல்லாத்தையும் எடுத்துரப் போறேன் சார்!"

"வாளியைத் தாழ வை. ரெண்டு கையையும் பாக்கெட்ல இடு. நான் வர்றவரை வெளிய எடுக்காத."

அப்படியே நின்றேன். மாமி வந்து பார்த்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன முருகேசன், ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் மாமி" என்றேன்.

பாஸ்கரன் சார் வந்தார். கடிகாரம் பைக்குள் போனது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு அலற வேண்டும் போல் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். காற்றுக்குமிழிக் கல்லை முதலில் போடு. செத்த இறாலை எடு. பாறையை அசைக்காதே, அதற்குப் பின்னால் குழாயை நீட்டு. நீட்டினேன். வாளியில் வந்து விழுந்தது வழக்கமான கசடு இல்லை. ஊறி உப்பிய குருணைத் தீனி, கைப்பிடி கைப்பிடியாக, பூஞ்சை பிடித்து. நீரில் ஒரு பங்கை மட்டும் மாற்றினோம். கலந்து வைத்த உப்புநீரின் சூட்டைத் தொட்டியோடு ஒத்துப் பார்த்து, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். கரித்துகள் பை ஒன்றை வடிகட்டியில் வைத்தார். மதியத்தை நெருங்கும்போது மீன்கள் மேல்மட்டத்தை விட்டு ஒரு விரல் அளவு கீழே இறங்கின.

"இனி பார்க்கிறதுதான் ஜோலி" என்று பாஸ்கரன் சார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தரை காய்ந்திருந்ததால் வெங்கட்ராமன் சாரை அவருடைய நாற்காலிக்கு வரச் சொன்னேன். வந்தார். எங்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். டப்பாவைத் திறந்து, மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். தடுக்க எழுந்த என்னை பாஸ்கரன் சார் கையசைத்து உட்கார வைத்தார். வெங்கட்ராமன் சார் விரலை முகர்ந்தார். "லலிதா, எலை போடலாம்" என்றார். உள்ளே போனார். வாசல்வரை நடந்தார். திரும்பினார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல மலர்ந்தது.

"அடடா, இதுக்குப் போடாம சாப்பிட உக்காரப் பாத்தேனே" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்தார்.

மறுபடியும் ஒரு சிட்டிகை. மறுபடியும் வாசல். மறுபடியும் திரும்பி வந்து, மறுபடியும் அந்த மலர்ச்சி.

சமையலறை வாசற்படியில் மாமி கரண்டியோடு நின்றிருந்தார். மூன்று பேரும் பார்த்தோம்.

அவர் உள்ளறைக்குப் போன பிறகு மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "டப்பா சீக்கிரம் தீர்றதேன்னு எனக்கும் தோணித்து. மீன் பெருசாயிடுத்து, பசி ஜாஸ்தின்னு நெனச்சுண்டேன்."

"டின்னை இங்கிருந்து மாத்தி ஒளிச்சு வைக்கணும் மாமி. வேறே வழி கண்டில்லை" என்றார் பாஸ்கரன் சார்.

"ஒளிச்சு வெச்சா அவர் சாப்பிட மாட்டாரே. போடாம சாப்பிடற வழக்கமே இல்லையே."

"தொட்டி போனாலும் சாப்பிட மாட்டார், அல்லே?"

அன்று டப்பா பீரோவுக்குள் வெள்ளிச் சாமான்களுக்குப் பின்னால் போனது. மறுநாள் நான் தீனிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் வலது மூலையில் பொருத்தினேன். உறைந்த இறாலுக்கும் ஒரு வழி செய்தேன். வாரம் ஒருமுறை நானே குடுவையில் கொண்டுவந்து மீனுக்குக் கொடுத்துவிடுவேன். பதறாமல், சட்டப்படி, ஒவ்வொரு பங்காக மணலைச் சுத்தம் செய்தேன். என் தொழிலில் நான் இத்தனை ஒழுங்காகச் செய்த வேலை வேறு இல்லை. சாமந்தி பழையபடி விரிந்தது. கசடு வாரத்துக்கு வாரம் குறைந்தது. மாமி இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னார். நான் பெருமையோடு வாளியை ஆட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

மற்றது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

"மீனுக்குப் போட்டாச்சா?" என்று அவர் கேட்பார். "ஆச்சு" என்பார் மாமி. "யார் போட்டா?" "நீங்கதான்." அவர் வலது கை விரல்களை மூக்கருகே கொண்டுபோவார். "கையில வாசனையே இல்லையே, லலிதா." இலையில் வைத்த சாதம் அப்படியே இருக்கும். மாமி மல்லுக்கட்டி நாலு வாய் ஊட்டிவிடுவார்.

வெறும் டப்பாவைக் கொடுத்துப் பார்த்தோம். குலுக்கினார், உள்ளே பார்த்தார். "தீந்துடுத்து. நான் போய் வாங்கிண்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு மாமி வாசலில் நின்று தடுத்துவிட்டார். இன்னொரு நாள், நான் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டிருந்தபோது, அவர் போய்விட்டார்.

நான் ஓடிய ஓட்டம் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் இன்னும் சிலருக்கு நினைவிருக்கலாம். கழுத்தில் குழாய், சொட்டச் சொட்ட ஈரக் கை, ஒரு காலில் மட்டும் செருப்பு. நின்றிருந்த ஒவ்வொரு பேருந்திலும் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒரு கண்டக்டர், "எங்கோட்டா, கடலுக்கோ?" என்று கேட்டார். நெய்யாற்றின்கரை போகிற வண்டி ஒன்று என்னையும் சேர்த்துக் கொண்டு கிளம்பிவிட்டது, அலறி இறங்கினேன். அவர் எங்கும் போகவில்லை. வீட்டிலிருந்து மூன்று கடை தள்ளி ஒரு மளிகைக் கடையில், பொட்டுக்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, இது வாய்க்கு அடங்குமா என்று நிதானமாகக் கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "ஜோடி மீன். சின்ன வாயாக்கும்" என்று விரலால் அளவு காட்டினார். என்னைப் பார்த்ததும், "ஏன் இப்படி வேர்த்திருக்கு? உக்காருங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு வாசற்கதவு பூட்டப்பட்டது.

மீன்களும் மாறிவிட்டன. தீனி பெட்டியிலிருந்து விழுகிறது என்று தெரிந்ததும் எப்போதும் வலது மூலையிலேயே நின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிழல் விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், எழுந்துவிடுவார். கொஞ்ச நாளில் உட்காருவதையே விட்டுவிட்டார். பழையபடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடை.

பாஸ்கரன் சாரிடம் தொலைபேசியில் சொன்னேன். "தொட்டி எப்படி?" என்று கேட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு சார்."

"ம்" என்றார். தப்பாகச் செய்திருந்தால் அவர் திட்டியிருப்பார், நான் மாப்புக் கேட்டிருப்பேன். சரியாகச் செய்த வேலைக்கு யாரிடம் போய் என்ன கேட்பது?

ஒருநாள் வேண்டுமென்றே மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். "டப்பாவை எடுங்க மாமி" என்றேன். மாமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தொட்டிக்குக் கெடுதல்னேளே?"

"கெடட்டும். நான் தினமும் வந்து கசடை எடுத்துடறேன்."

வெள்ளிச் சாமான்களுக்குப் பின்னாலிருந்து டப்பா வந்தது. நடந்துகொண்டிருந்தவரை நிறுத்தி, கையில் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்தார். விரல்கள் மறக்கவில்லை, மூன்றும் சேர்ந்து சரியாக ஒரு சிட்டிகை எடுத்தன. தொட்டியைப் பார்த்தார். இரண்டு மீனும் வலது மூலையில், பெட்டிக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கை அந்தரத்தில் நின்றது. யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். எதிரே நான்தான் நின்றேன். என் கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் அதை வைத்தார்.

"சாப்பிடுங்கோ" என்றார். "நீங்க சாப்பிட்டாத்தான் நான் உக்கார முடியும்."

என் வாழ்க்கையில் பதறாமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாயில் போட்டு மென்றேன். கருவாட்டையும் மரத்தூளையும் சேர்த்து இடித்த மாதிரி இருந்தது. விழுங்கினேன். அவர் விரலை முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "லலிதா, எலை போடு" என்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமி பரிமாறிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் மோரை என் பக்கம் நகர்த்தினார்.

தினமும் வருகிறேன் என்று சொன்னவன்தான். கழக்கூட்டத்தில் ஒரு புதுத் தொட்டி, வேறு ஓரிடத்தில் ஒரு ஒழுகல். மறுபடி நான் போவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. போனேன். டப்பா தொட்டியின் பக்கத்தில் திறக்காமல் இருந்தது. அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"யார் வந்திருக்கா?"

"முருகேசன். மீன் தொட்டிக்கு வரவர்."

"அப்படியா" என்றார் மரியாதையாக. "நம்மாத்துல மீன் தொட்டி இருக்கோ?"

அதன் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

மாமி அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் மோட்டார்களை நிறுத்தினேன். நீர் அசையாமல் நின்றதும் பீச்சுக்குழலை எடுத்து, பாறை இடுக்குகளில் ஒவ்வொன்றாகப் பீய்ச்சினேன். ஒன்றும் எழவில்லை. மணலில் குழாயை இறக்கினேன். வெள்ளை மணல் எழும்பி, வெள்ளையாகவே விழுந்தது. எடுக்க ஒன்றுமில்லாத அந்தத் தொட்டியை, எப்போதும் ஆகிற நேரம் முழுக்க நின்று சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தேன்.